மாளிகாவத்தையில் பிடிபட்ட சிக்னல்

1

மகேந்திரன் அண்ணையின் வீட்டு வைஃபை வருடத்தில் ஒரு தடவைதான் பழுதாகும். அதுவும் அவருடைய தங்கை புருசன் சிறிதரனின் பிறந்தநாள் வருகிற கிழமையில். நான் எப்படியும் அந்த வீட்டுக்குப் போகத்தான் போகிறேன். வருகிறவள் சும்மா வந்து கேக் தின்றுவிட்டுப் போகக்கூடாது என்பது அவருடைய நியாயம்.

"பிள்ளை ஜெயா, மேல்மாடியில ஒண்டும் வேலை செய்யுதில்லை. வரேக்க உன்ர அந்த மெசினையும் எடுத்துக்கொண்டு வா" என்று இந்த வருடமும் போன் பண்ணினார். லண்டனில் அவருக்கு இரண்டு பெட்ரோல் நிலையங்கள் இருக்கின்றன. கோயில் நிர்வாகத்தில் முன்வரிசை நாற்காலி இருக்கிறது. ஒரு ஆளைக் கூப்பிட்டுத் திருத்த வசதியில்லாமல் இல்லை. இந்தக் கொழும்புக் கொட்டாஞ்சேனைப் பிள்ளை இருக்கும்போது எதற்கு என்றுதான். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நான் அவருக்குக் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. என் அப்பா மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கொச்சிக்கடையில் பண்டகசாலை மூட்டை தூக்கியவர். அதைக் குறிக்க மகேந்திரன் அண்ணை மாதிரி ஆட்களிடம் இளக்காரமான இன்னொரு சொல் உண்டு. அவர் அதைச் சொல்வதில்லை, ஆனால் எனக்குக் கேட்கும். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய காது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்த மெசின் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கையில் பிடிக்கிற அளவில் ஒரு டெஸ்டர். சுவரில் இருக்கும் நெட்வேர்க் துளையில் வயரைச் செருகினால், லைன் நல்லதா, அறுந்ததா, அறுந்திருந்தால் எத்தனை மீட்டருக்கு அப்பால் அறுந்தது என்று திரையில் காட்டும். வயர் இல்லாமல் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தால், சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த வைஃபை இருக்கிறது, அதில் எந்தெந்தப் போன், எந்தெந்தக் கம்பியூட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். இதை வைத்துத்தான் கொழும்பில் பிழைத்தேன். இப்போது லண்டனில் பிழைக்கிறேன்.

பிறந்தநாள் பற்றியும் சொல்லவேண்டும். சிறிதரன் அண்ணாவை யுத்தத்தின் கடைசி வருடங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் வைத்து, இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. செத்தார் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் திவசம் கொடுக்க முடியாது. ஒன்றும் செய்யாமலும் இருக்க முடியாது. ஆகவே அவர் மனைவி ராஜினி அக்கா மகேந்திரன் அண்ணை வீட்டில் வைத்து வருடா வருடம் அவருடைய பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, பக்கத்தில் ஆள் இல்லாத நாற்காலி. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, கார் ஏறியதும் "பாவம், இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறா" என்பார்கள். அந்தப் பாவத்தில் ஒரு சின்னச் சந்தோசம் இருக்கும். தங்கள் வீட்டு ஆம்பிளை ஸ்டியரிங்கில் இருக்கிறார் அல்லவா.

2

இந்த நாட்டில் என் பகல்கள் பெரும்பாலும் கூரைக்கும் உட்கூரைத் தகட்டுக்கும் நடுவில் கழிகின்றன. பாடசாலைகள், கிளினிக்குகள், நகராட்சி அலுவலகங்கள். ஏணி வைத்து ஏறி, தகட்டை நகர்த்தி, தூசுக்குள் தலையை விட்டு, எலி கடித்த வயரைத் தேடுவது. லண்டன் எலிக்கும் கொழும்பு எலிக்கும் வயரின் ருசியில் வித்தியாசம் தெரிவதில்லை.

வந்த புதிதில் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், "முதலில் உங்களை முடித்துவிட்டு மேல்மாடிக்குப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கொழும்பில் எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்வேன். இவள் எழுந்து மனேஜரிடம் ஓடிவிட்டாள். அதற்கு ஒரு படிவம் நிரப்பி, நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். அதே கிழமையில் விசா அலுவலகத்திலும் ஏறக்குறைய அதே கேள்விக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எங்களைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது போல.

என் மகன் கவினுக்குத் தமிழ் விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். போன வருடம் ராஜினி அக்காவின் கேக்கைத் தின்றுகொண்டே, "ஏன் அந்த அங்கிளின் போனை ட்ராக் பண்ணிக் கண்டுபிடிக்கவில்லை?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான். அவனுக்குக் காணாமல் போவது என்றால் சோபாவின் இடுக்கில் விழுவது. நான் அவன் தொடையைக் கிள்ளினேன். ராஜினி அக்கா மட்டும் அவன் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

இந்த வருடம் பிறந்தநாளுக்கு முன்னரே ராஜினி அக்காவின் மகள் அபி என்னைத் தேடி வேலைத்தலத்துக்கு வந்தாள். அப்பாவைக் கொண்டுபோனபோது அவள் சின்னப் பிள்ளை. இப்போது கலியாணம் பேசி முடிந்துவிட்டது. கார்ப் பார்க்கில் நின்றுகொண்டு பேசினோம்.

"அன்ரி, கார்ட் அடிக்கிற கடையில கேக்கினம், அப்பான்ர பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுறதோ இல்லையோ எண்டு. நான் என்ன சொல்ல? மாப்பிள்ளை வீட்டில தாரை வாக்க ஆர் இருப்பினம் எண்டு கேக்கினம். அதுக்கும் பதில் இல்லை."

கொழும்பிலிருந்து காணாமல் போனோர் அலுவலகத்தின் கடிதம் வந்திருக்கிறது. காணாமல் போனவர்களின் குடும்பம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மரணப் பதிவு தருவார்கள். தாய் மாட்டேன் என்கிறாராம்.

"அம்மா எல்லாருக்கும் ஒரே கதையைத்தான் சொல்லுறா. அப்பாவைக் கொண்டுபோய்க் கனநாளுக்குப் பிறகும் லப்டொப் வேலை செய்தது, ஜெயா அந்த சிக்னலைக் கண்டவ, அப்ப இவர் உயிரோடதான் இருந்திருக்கிறார் எண்டு. நீங்கதானே அன்ரி கண்டது? நீங்களே அது ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ. ப்ளீஸ். அம்மா சைன் பண்ணட்டும். எனக்கு ஒருக்கா அழுது முடிக்கவேணும்."

சரி, பிறந்தநாளன்று அம்மாவிடம் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் கொடுத்தேன்.

3

நான் கொழும்பில் ஒரு சின்ன நெட்வேர்க் கொம்பனியில் வேலை செய்தேன். வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் ராஜினி அக்காவின் பிளட். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியிருந்தார்கள். சிறிதரன் அண்ணா கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்காளர். கூடவே ராஜினி அக்காவின் அண்ணன் மகேந்திரன், வெளிநாடு போவதற்கு ஏஜெண்டை நம்பிக் காத்திருந்தவர்.

அந்த வீட்டுக்கு வைஃபை போட்டுக் கொடுத்தது நான்தான். அந்த நாட்களில் வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளில் வைஃபை போடுவதற்கு ஒரு முறை இருந்தது. பாஸ்வேர்ட் மட்டும் போதாது. ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் பிறக்கும்போதே கொடுத்த ஒரு இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கங்களை ரவுட்டரில் பதிந்து, இவை தவிர வேறெதையும் உள்ளே விடாதே என்று பூட்டிவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரன் ஓசியில் படம் பார்ப்பான் என்ற பயம் இல்லை. எவனாவது எங்கள் லைனில் புகுந்து எங்கேயாவது ஏதாவது அனுப்பினால், வீட்டு ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். இலக்கத்தை நினைவு வைப்பது கஷ்டம் என்பதால் நான் டெஸ்டரில் அதற்கு ஒரு பெயரும் கொடுத்து வைப்பேன். அடுத்த முறை திரையில் இலக்கத்துக்குப் பதிலாகப் பெயர் வரும். சிறிதரன் அண்ணாவின் கம்பியூட்டருக்கு 'சிறி லப்டொப்' என்று வைத்தேன்.

"எங்களுக்கு இப்ப ஒரு பயமும் இல்லை, என்ன?" என்று சிறிதரன் அண்ணா சிரித்தார். பூட்டைப் போட்டுவிட்டு அப்படித்தான் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ராஜினி அக்கா அபியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வீட்டில் மகேந்திரன் அண்ணை மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். சாதாரண உடுப்பில் நாலைந்து பேர் வந்தார்களாம். சிறிதரன் அண்ணாவைக் கூப்பிட்டார்களாம். "லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்" என்றார். அதற்கு வேறு சாட்சி இல்லை. அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் அந்த நேரம் சாத்தியிருந்தன, சாத்தியவர்கள் எல்லோரும் அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜினி அக்காவுக்குச் சிங்களம் ஓடாது. கொட்டாஞ்சேனைக்காரி எனக்குத் தமிழை விடச் சிங்களம் வேகமாக வரும். அதனால் பொலிசுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று தடவை போனோம். பொலிஸ் பெரியவர் மேசைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, "நோனாவின் புருசன் இத்தாலிக்கு வள்ளம் ஏறியிருப்பார். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவார், கவலைப்படவேண்டாம் என்று சொல்லு" என்றார். நோனா என்கிற அந்தச் சிங்கள மரியாதையோடு நான் மொழிபெயர்த்தேன். முறைப்பாட்டுப் புத்தகம் மேசையில் கிடந்தது, பேனா அதன் மேலே கிடந்தது. மூன்று தடவையும் அவர் பேனாவைத் தொடவில்லை.

4

சில கிழமைகள் கழித்து முஸ்லிம் மக்கள் கூடி வாழும் மாளிகாவத்தையில் ஒரு துணி மொத்த வியாபாரியின் அலுவலகத்தில் வைஃபை விட்டு விட்டு வருகிறது என்று என்னை அனுப்பினார்கள். சுற்றிலும் தொடர்மாடிகள். ஒரே அலைவரிசையில் எல்லோரும் முண்டியடித்தால் யாருக்கும் ஒழுங்காகக் கிடைக்காது. எங்கிருந்து நெரிசல் வருகிறது என்று பார்க்க டெஸ்டரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். திரையில் பக்கத்து வீடுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கீழே இலக்கங்கள். இலக்கங்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெயர்.

சிறி லப்டொப்.

டெஸ்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் வந்தது. எனக்குக் கால் நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குப் பெருமையாக இருந்தது. நாடே தேடினால் கிடைக்காத ஒன்றை நான் ஒரு பெட்டியை வைத்துப் பிடித்துவிட்டேன் என்று சந்தோசம். அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறி ராஜினி அக்காவிடம் சொன்னேன். அவர் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டார். மகேந்திரன் அண்ணை உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க போறியள்?" என்றார். "கடைக்கு" என்றார் அக்கா.

ஓட்டோவில் மாளிகாவத்தைக்குப் போனோம். சிக்னலின் பலத்தை டெஸ்டர் கழித்தல் கணக்கில் காட்டும். கழித்தல் எண்பது என்றால் தூரம். கழித்தல் முப்பது என்றால் கைக்கு எட்டுகிற இடம். பீப் சத்தமும் உண்டு, கிட்டப் போகப் போகப் படபடவென்று அடிக்கும். நான் தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தேன், அக்கா என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். முதல் கட்டிடத்தில் இறங்கியது, இரண்டாவதில் ஏறியது. படிக்கட்டில் ஒரு மாடி ஏறினால் பலம் கூடியது, இன்னொரு மாடி ஏறினால் குறைந்தது. திரும்ப இறங்கினோம். ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் பீப் சத்தம் இடைவிடாமல் அடித்தது.

"உள்ள இவர் இருக்கிறாரோ?" என்று அக்கா கேட்டார். லப்டொப் உள்ளே இருக்கிறது என்று மட்டும்தான் மெசினுக்குத் தெரியும் என்றேன்.

"நீ கீழ போ பிள்ளை. உன்னைக் கண்டா உன்ர வேலை போயிடும். நான் கதைச்சிட்டு வாறன்."

நான் ஓட்டோவில் காத்திருந்தேன். ஓட்டோக்காரர் பாட்டுப் போட்டார், நான் நிறுத்தச் சொன்னேன். அக்கா இறங்கி வந்தபோது முகம் காய்ந்து போயிருந்தது. இருக்கையில் ஏறி, சேலையை ஒழுங்காக இழுத்துவிட்டார்.

"லப்டொப் இவற்ரதான். மூடியில நான் ஒட்டின பிள்ளையார் ஸ்டிக்கர் உரிச்ச அடையாளம் கிடக்கு. அவையள் ஒண்டும் சொல்லுகினம் இல்லை" என்றார். பிறகு, "பொலிசுக்குப் போவம்" என்றார்.

5

நாலாவது தடவை அதே மேசை, அதே பெரியவர். நான் மொழிபெயர்த்தேன்: புருசனோடு சேர்த்துக் கொண்டுபோன லப்டொப் மாளிகாவத்தையில் இன்ன கட்டிடத்தில் இன்ன வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்குப் புருசன் எங்கே என்று தெரிந்திருக்கவேண்டும்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லப்டொப்? என்ன கலர்?" என்று கேட்டார். பேனாவை எடுத்தார்.

அன்றைக்கே போய் அந்த வீட்டுக்காரரைக் கொண்டுவந்தார்கள். பெயர் நிசாம். வீட்டின் முன்னறையில் பழைய கம்பியூட்டர்களைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பொலிஸ் வாசலில் அவருடைய மனைவி நின்றதை நாங்கள் வெளியே வரும்போது கண்டேன். கையில் குழந்தை. அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவை மட்டும் பார்த்தார். அக்கா நேரே பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.

இரண்டு நாள் கழித்து எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நிசாம், இதைத் தனக்கு ஒரு தமிழ் ஆள் விற்றதாகச் சொல்கிறாராம். மொட்டைத் தலை, கண்ணாடி. அப்படி யாரையாவது நோனாவுக்குத் தெரியுமா என்று பெரியவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஒருத்தரையும் தெரியாது" என்றார் அக்கா.

நான் சிங்களத்தில் சொன்னேன். வெள்ளவத்தையில் காலி வீதிப் பஸ்ஸில் ஏறினால் கண்ணாடி போட்ட மொட்டைத் தமிழ் ஆம்பிளைகள் எத்தனை பேர். எனக்கும் ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் பெரியவர் எழுதி முடித்த கடைசி வரி. கீழே அக்கா கையெழுத்துப் போட்டார். சிறிதரன் என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் முதல் தடவையாக ஏறியது.

அந்த முறைப்பாட்டுப் பிரதியை வைத்துத்தான் ராஜினி அக்காவுக்கும் அபிக்கும் இங்கே அகதி அந்தஸ்து கிடைத்தது. மகேந்திரன் அண்ணை அதற்கு முன்னரே ஏஜெண்ட் மூலம் வந்துவிட்டார். நான் மாணவி விசாவில் வந்து அப்படியே ஒட்டிக்கொண்டேன். நிசாமின் கதையை எங்களில் ஒருவரும் எடுத்ததில்லை. நான் அவரைக் கெட்டவர் என்றே நம்பியிருந்தேன். கடத்தினவர்களுக்குச் சாமான் விற்றுக் கொடுத்த ஆள் என்று ஒரு கதையை நானே கட்டி, அதில் நிம்மதியாக இருந்தேன்.

6

இந்த வருடப் பிறந்தநாளில் மேல்மாடியில் நின்று சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவுட்டரைப் பெரிய ரி.வி.க்குப் பின்னால் திணித்து வைத்திருந்தார்கள், அதுதான் நோய். மகேந்திரன் அண்ணை விஸ்கிக் கிளாசோடு வந்து, கண்ணாடியை மொட்டைத் தலைக்கு ஏற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். கீழே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"இந்த மாதிரி மெசினாலதானே அண்டைக்கு என்னைப் பிடிக்கப் பாத்தனி" என்று சிரித்தார்.

எனக்கு விளங்கவில்லை.

"மாளிகாவத்தையில. உனக்கு இன்னும் தெரியாதோ? அவங்கள் லப்டொப்பைக் கொண்டு போகேல்லை பிள்ளை. சிறிதரனை மட்டும்தான் கொண்டு போனவங்கள். அது மேசையில கிடந்தது. திரும்பி வந்து வீட்டைக் கிண்டினாங்கள் எண்டா அதுக்குள்ள என்ன கிடக்கோ, ஆருக்குத் தெரியும்? கலியாண வீட்டுப் போட்டோவில எந்த இயக்கப் பொடியன் நிண்டாலும் நாங்கள் எல்லாரும் உள்ளுக்கு. அண்டு ராவு ஒளிச்சு வைச்சு, அடுத்த நாள் காலமை கொண்டுபோய் வித்துப்போட்டன். மூளை எண்டா அது."

அந்தக் காலத்தில் எல்லாத் தமிழ் வீட்டிலும் இந்த மூளை இருந்தது. ஒரு ஆளைக் கொண்டுபோனால், மிச்சப்பேர் முதலில் செய்வது வீட்டைக் கழுவுவது. போட்டோ அல்பங்களை எரிப்பார்கள், சிம் கார்டை உடைப்பார்கள், கடிதங்களைக் கிழித்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். பயத்தில் செய்ததற்கு நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பிளட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கடலில் போட்டிருக்கலாம். ஆனால் மகேந்திரன் அண்ணை ஒரு சாமானைச் சும்மா எறிகிற ஆள் இல்லை.

"அந்த நிசாம்?" என்றேன்.

"அவன் சோனி. அவங்களுக்கு ஆக்கள் இருப்பினம், வெளிய எடுத்திருப்பினம்" என்று கிளாசை ஆட்டினார். சோனி என்பது முஸ்லிம்களுக்கு அவர் வைத்திருக்கும் சொல். எனக்கு அந்த டெஸ்டரை அவருடைய மொட்டையில் போடவேண்டும் போல இருந்தது. போடவில்லை. பதினைந்து பேர் சாப்பிட வந்திருந்த வீடு.

குசினிக்கு இறங்கினேன். ராஜினி அக்கா தனியாக வடை சுட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு எப்படிச் சொல்வது என்று கதவில் நின்றேன். இத்தனை வருடம் இவர் நம்பிக்கொண்டிருந்த சிக்னல், இவருடைய சொந்த அண்ணன் விற்ற சாமானிலிருந்து வந்தது. அபிக்கு நான் கொடுத்த வாக்கும் இருந்தது. சொன்னால் இந்த மனுசி உடைந்துபோவார், சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை உடைந்துபோகும்.

"என்னவாம் அண்ணை?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா."

"லப்டொப் வித்த கதை சொன்னவனோ? ரெண்டு கிளாஸ் உள்ள போனா அது வெளிய வரும். எனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சு எல்லாருக்கும் சொல்லுவான்."

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"அண்டைக்கே தெரியும். நீ கீழ ஓட்டோவில இருக்கேக்க. நிசாமின்ர மனுசி எனக்குக் கதிரை போட்டு, குடிக்கத் தண்ணி தந்து சொன்னவ. அவையள் அக்காவைத் தாத்தா எண்டுதான் கூப்பிடுறது. தாத்தா, இது களவுச் சாமான் இல்ல, வெள்ளவத்தயால ஒரு மனுசன் கொண்டுவந்து தந்த எண்டு. அண்ணையை உரிச்சு வைச்ச மாதிரி அடையாளம் சொன்னா."

"அப்புறம் ஏன்க்கா பொலிசுக்குப் போனோம்?"

வடையைத் திருப்பிப் போட்டார்.

"நீயும் பக்கத்தில இருந்தனிதானே. இவரைக் காணேல்லை எண்டு மூண்டு தரம் போய்க் கெஞ்சினம். பேனையைத் தொட்டவங்களோ? லப்டொப்பைக் காணேல்லை எண்டவுடன எழுதினவங்கள். இவற்ர பேர் அந்தப் புத்தகத்தில ஏறவேணும் எண்டா எனக்கு ஒரு கள்ளன் தேவைப்பட்டது. அண்ணையைக் குடுத்தா வீட்டில மிஞ்சின ஆம்பிளையும் போயிடும். அந்த மனுசன் எனக்கு ஆர்? ஒருத்தரும் இல்லை. அதால அவரைக் குடுத்தன்."

"அவரு என்னானாரு?"

"கனகாலம் வைச்சிருந்தவங்கள். வெளிய வரேக்க ரெண்டு கையும் நடுங்குமாம். ஒரு ஆணியும் கழட்டேலாதாம். அவற்ர தொழில் அதுதானே. ஒருநாள் மனுசி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எங்கட பிளட்டுக்கு வந்தவ. தாத்தா, ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க எண்டு கதவில தட்டினவ. நான் ஓட்டைக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டன். பிள்ளை அழுது அழுது தோளில நித்திரையாகும் மட்டும் நிண்டிட்டுப் போனா. நான் திறக்கேல்லை."

எண்ணெய் பொங்கியது. அவர் அடுப்பைக் குறைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை, கையைப் பிடிக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் நின்றேன். கடைசியில், கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அந்தச் சிக்னல்ல ஒண்ணுமில்லன்னு உங்களுக்கே தெரியுது. அபி அந்தப் பேப்பர்ல கையெழுத்துக் கேக்குறா. அவ அழுது முடிக்கணுமாம். போட்டுக் குடுங்கக்கா."

அவர் அகப்பையை வைத்துவிட்டு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"இவர் செத்துட்டார் எண்டு நான் கையெழுத்துப் போட்டா, ஜெயா, அந்த மனுசனை நான் எதுக்குக் குடுத்தனான்?"

கரியத் தொடங்கிய வடையை நான் அகப்பையால் வடித்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அபி குசினிக்குள் வந்தாள். கையில் கார்ட் மாதிரிகள் இரண்டு. தாயின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னீங்களோ, அன்ரி?"

ராஜினி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சவில்லை. கண்ணும் கலங்கவில்லை.

"அம்மாவைக் கரைச்சல் பண்ணாத அபி" என்றேன். "சிக்னல் வந்தது உண்மை. உங்கப்பா லப்டொப்தான் அது. நானே பாத்தேன்."

அவள் கார்டுகளை மேசையில் வைத்தாள். அழுது முடிக்க வந்த பிள்ளையின் முகத்தில் வேறு ஒன்று ஏறியது. அப்பாவைக் கொண்டுபோன நாளில் கோயிலிலிருந்து திரும்பி வந்தபோது அவளுக்கு என்ன வயதோ, அந்த வயதுக் குரலில் கேட்டாள்:

"அப்ப, அப்பா இருக்கலாமோ அன்ரி?"

"இருக்கலாம்" என்றேன்.